பெரியகல்லாறும் பக்கத்து வீட்டுத் தொண்டும்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் கல்லடிப் பாலம் கடந்து காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், தேற்றாத்தீவு, களுதாவளை, களுவாஞ்சிகுடி என்று ஊர்கள் ஒன்றையடுத்து ஒன்றாக வரும். அதன் பின் ஓந்தாச்சிமடம், கோட்டைக்கல்லாறு. அதற்கும் அப்பால், நகரிலிருந்து 30 கிலோமீற்றருக்கு மேல் வந்தபின், பெரியகல்லாறு. இன்னும் சற்றுத் தூரம் போனால் மட்டக்களப்பு மாவட்டம் முடிந்து அம்பாறை மாவட்டம் தொடங்கிவிடும். நிர்வாக ரீதியாக இவ்வூர் மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேச செயலகப் பிரிவில் அடங்குகின்றது.

ஊரின் கிழக்கே கடல், மேற்கே வாவி. இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிய நிலத்தில் வீடுகள் நெருக்கமாக இருக்கின்றன. 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் இந்தப் பக்கத்தை எழுவான்கரை என்றும், சூரியன் மறையும் அந்தப் பக்கத்தைப் படுவான்கரை என்றும் அழைக்கின்றோம். எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலும் வைத்திருந்த குடும்பங்கள் பல. போர்க்காலத்தில் வாவிக்கு அந்தப் பக்கம் ஒருவர் கையிலும் இந்தப் பக்கம் இன்னொருவர் கையிலும் இருந்தபோது, வயலுக்குப் போய் வருவதே உயிர்ப் பயணமாக இருந்தது. 2004 டிசம்பர் 26 இல் கடல் எழுந்து வந்தபோது இக்கரையோரம் முழுவதும் அடிபட்டது. வாசகிகளான உங்களில் பலருக்கு இவை நான் சொல்லித் தெரியவேண்டிய விடயங்கள் அல்ல.

வேலை நிமித்தம் இவ்வூருக்குப் பல தடவை போயிருக்கின்றேன். இந்துக் கோயில்களும் மெதடிஸ்த, கத்தோலிக்கத் தேவாலயங்களும் அருகருகே உள்ள ஊர். கல்வியை மதிக்கும் ஊர். ஓய்வூதியம் எடுக்கும் நாட்களில் பஸ் தரிப்பிடத்தில் நின்று பார்த்தால் ஒன்று புரியும். குடையைப் பிடித்தபடி, பைக்குள் வங்கிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் தாதியரும் களுவாஞ்சிகுடிப் பக்கம் போவதற்கு நிற்பார்கள். சிலர் கணவனும் மனைவியுமாக நிற்பார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள். வாசிக்கவும் எழுதவும் தெரிந்தவர்கள். எந்தக் கந்தோரில் எந்த மேசைக்குப் போகவேண்டும் என்று அறிந்தவர்கள். பிள்ளைகள் கொழும்பிலோ கனடாவிலோ இருக்கின்றார்கள். நாள் முழுவதும் நேரம் இருக்கின்றது.

அதே பஸ்ஸில் ஏறுவதற்கு அதே இடத்தில் இன்னொருவரும் நிற்பார். கணவன் 1990 இல் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராதவர். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் பழைய முறைப்பாட்டுத் துண்டு, மரண அத்தாட்சிப் பத்திரம் எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்யாத கடிதங்கள், கிளினிக் கொப்பி. இவர் தனியாகத்தான் போவார். இவ்விருவருக்கும் இடையில் சில அடி தூரம்தான். ஆனால் அந்தத் தூரத்தை யார் கடப்பது என்பது பற்றித்தான் இக்கட்டுரையில் எழுத விரும்புகின்றேன்.

தொண்டு என்றால் தூரத்திலிருந்து வருவது என்ற எண்ணம் எமது மாவட்டத்தில் மிகப் பழையது. 1814 ஆம் ஆண்டு மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த சிலர் இங்கிலாந்திலிருந்து கப்பலில் இலங்கைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் வில்லியம் ஓல்ட். மனைவியுடன் புறப்பட்டார். ஆனால் மனைவி வழியிலேயே கடலில் இறந்துபோனார். குழுவுக்குத் தலைமை தாங்கிய தோமஸ் கோக்கும் இலங்கையைக் காணாமலே கப்பலில் இறந்தார். ஓல்ட் தனியாக மட்டக்களப்புக்கு வந்தார், பள்ளிக்கூடம் தொடங்கினார், அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவரும் இறந்துவிட்டார். ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. அவர் தொடக்கி வைத்ததன் வழியில் வந்ததே இன்றைய மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி. வாவிக் கரையில் அவருக்குச் சிலையும் உண்டு. அந்தச் சிலையைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு அவருடைய மனைவியின் நினைவு வரும். கணவனும் மனைவியுமாகத் தொண்டு செய்யப் புறப்பட்டு, ஒருவர் கரைசேராமலே போன கதை அது.

ஆழிப்பேரலைக்குப் பின்னரும் தூரத்திலிருந்துதான் வந்தார்கள். 2005 இல் காலி வீதியிலிருந்து எமது கரையோரம் வரைக்கும் நிறுவனப் பலகைகள் இல்லாத சந்தி இல்லை என்று சொல்லலாம். வந்தவர்களில் மனதார உழைத்தவர்கள் பலர். வீடு கட்டினார்கள், தோணி கொடுத்தார்கள், கிணறு இறைத்தார்கள். அதை மறப்பது நன்றியல்ல. ஆனால் திட்டத்துக்கு முடிவுத் திகதி உண்டு. துன்பத்துக்கு அப்படியொரு திகதி இல்லை. திட்டம் முடிந்ததும் வாகனம் போய்விடும். பலகை மட்டும் துருப்பிடித்து நிற்கும். 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின்னர் வந்த திட்டங்களுக்கும் இதுவே நடந்தது.

ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "சாமான் கனக்கத் தந்தாங்க மகள். ஆசுபத்திரிக்கு என்னோட வாறதுக்குத்தான் ஒரு ஆளில்ல."

அந்த வார்த்தைகளை மனதில் வைத்துக்கொண்டு உலகத்தின் இன்னொரு மூலையில் உள்ள ஒரு வழக்கத்தைப் பார்ப்போம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள சோல்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு சபை இருக்கின்றது. ஜோசப் ஸ்மித் என்பவர் 1830 இல் நியூயோர்க் மாநிலத்தில் தொடங்கியது. இதன் முழுப்பெயர் இயேசு கிறிஸ்துவின் பிற்காலப் பரிசுத்தவான்களின் சபை. உலகம் இவர்களை மோர்மன்கள் என்று அழைத்து வந்தது. 2018 இல் சபைத் தலைமை அந்தப் பட்டப்பெயரை விட்டு முழுப்பெயரையே பயன்படுத்துமாறு கேட்டுக்கொண்டது. வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்து இரண்டு இளைஞர்கள் சைக்கிளில் வீடு வீடாகப் போகும் படத்தைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அவர்கள் இந்தச் சபையினர்.

இவர்களிடம் அதிகம் பேசப்படாத இன்னொரு வழக்கம் உண்டு. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கணவனும் மனைவியும் சேர்ந்து மிஷன் சேவைக்குப் போகின்றார்கள். ஆறு மாதம், ஒரு வருடம், ஒன்றரை வருடம், ஏறக்குறைய இரண்டு வருடம் என்று தங்கள் வசதிக்கு ஏற்ற காலத்தைத் தெரிவு செய்யலாம். சம்பளம் இல்லை. தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். இளைஞர்களைப் போல வீடு வீடாகக் கதவு தட்டவேண்டும் என்ற கட்டாயமும் இவர்களுக்கு இல்லை. கந்தோர் வேலை, நிவாரண வேலை, கல்வி, குடும்ப வரலாற்றுப் பதிவுகள் என்று அவரவர் அனுபவத்துக்கு ஏற்ற வேலை கொடுக்கப்படும்.

எல்லோராலும் தூரம் போக முடியாது. சுகவீனம் இருக்கலாம், வயோதிபத் தாயைப் பார்க்கவேண்டி இருக்கலாம், பேரப்பிள்ளை இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு வீட்டில் இருந்தபடியே சேவை செய்யும் வழி இருக்கின்றது. தங்கள் வீட்டில் தூங்கி எழுந்து, தங்கள் ஊரிலேயே, வாரத்தில் குறிப்பிட்ட நேரத்தை உணவுப் பொருட்களைப் பகிரும் இடத்திலோ, வேலை தேடுபவர்களுக்கு உதவும் இடத்திலோ செலவிடுகின்றார்கள். "நேரம் கிடைத்தால் வருகின்றேன்" என்று சொல்வது வேறு. இந்த நாள், இந்த நேரம், இத்தனை மாதம் என்று வாக்குக் கொடுத்து அதைக் காப்பது வேறு. இவர்கள் செய்வது இரண்டாவது.

இவர்களுடைய நம்பிக்கைகள் பற்றி இங்கு நான் பேசவில்லை. அந்தச் சபையில் குருத்துவம் ஆண்களுக்கு மட்டுமே உரியது என்பதையும், இவர்களது மிஷனின் நோக்கங்களில் தங்கள் சமயத்தைப் பரப்புவதும் ஒன்று என்பதையும் மறைக்கத் தேவையில்லை. நான் பார்ப்பது வேலையின் அமைப்பை. அதில் எமக்குப் பயன்படக்கூடிய மூன்று விடயங்கள் உண்டு.

முதலாவது, மனைவியும் மிஷனரிதான். கணவனுக்கு எல்டர் என்றும் மனைவிக்கு சிஸ்டர் என்றும் பெயர் சொல்லி இருவரையும் சேவைக்கு அழைக்கின்றார்கள். எமது வீடுகளை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். கணவர் அதிபராக இருந்து ஓய்வு பெற்றால் கோயில் நிர்வாகசபைக்குப் போவார், கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குத் தலைவராவார், கூட்டத்தில் பேசுவார். மனைவி ஆசிரியையாக முப்பது வருடம் படிப்பித்து ஓய்வு பெற்றாலும் அடுப்படியிலிருந்து ஓய்வு பெறுவதில்லை. காலையில் தேத்தண்ணி, மத்தியானம் சோறு, கூட்டத்துக்கு வருபவர்களுக்கும் தேத்தண்ணி. ஆணுக்குக் கிடைக்கும் ஓய்வு பெண்ணுக்குக் கிடைக்காத வரையில் தம்பதியாகத் தொண்டு செய்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. மனைவி வெளியில் போகும் நாளில் கணவர் உலை வைக்கவேண்டும். தொண்டு அங்கிருந்துதான் தொடங்குகின்றது.

இரண்டாவது, இருவராகப் போவது. மோர்மன் மிஷனரிகள் பெரும்பாலும் தனியே போவதில்லை. இதில் எமது வாசகிகள் கவனிக்கவேண்டிய இடம் ஒன்று இருக்கின்றது. கணவனை இழந்த பெண்ணும் திருமணம் ஆகாத மூத்த பெண்ணும்கூட இந்தச் சேவைக்குப் போகலாம். அவருடன் இன்னொரு பெண்ணைத் துணையாகச் சேர்த்துவிடுவார்கள். கணவன் இல்லாதது சேவைக்குத் தடையாகக் கருதப்படுவதில்லை.

அது மட்டுமல்ல. இச்சபையின் பெண்கள் 1842 மார்ச் 17 இல் தங்களுக்கென ஒரு நிவாரணச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதன் வழியாக, இரண்டு பெண்கள் சேர்ந்து தமக்குக் குறித்துத் தரப்பட்ட பெண்களின் வீடுகளுக்கு மாதாமாதம் போய்ப் பார்த்து வரும் வழக்கம் வளர்ந்து நெடுங்காலம் நடந்தது. 2018 இல் மாதம் ஒரு தடவை என்ற கண்டிப்பைத் தளர்த்தி முறையை மாற்றினார்கள். ஆனால் இருவராகச் சேர்ந்து ஒருவரைக் கவனிப்பது இன்றும் தொடர்கின்றது. யாரும் மறக்கப்படாமல் இருப்பதற்கு ஒரு பெயர்ப்பட்டியலும் இரண்டு பெண்களும் போதும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

மூன்றாவது, வீட்டுக்கு அருகில் இருப்பது. சமூகவியல் படித்தவள் என்ற முறையில் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் நாங்கள் தாய்வழியில் குடி எண்ணுகின்றவர்கள். வயிற்றுவார் என்று எமது முன்னோர் சொன்னது இதைத்தான். கலியாணம் முடித்த பெண் தாய் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் வருவார். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். தாயும் தகப்பனும் அதே வளவிலோ பக்கத்து வளவிலோ இன்னொரு வீடு கட்டி ஒதுங்குவார்கள். இதனால் ஒரு தெருவில் தாய், பெரியம்மா, அக்கா, தங்கை என்று பெண்கள் வேலிக்கு வேலி இருப்பார்கள். பல நாடுகளில் போரில் கணவனை இழந்த பெண் புகுந்த வீட்டில் அந்நியமாக நிற்கும்போது, எமது பெண் குறைந்தபட்சம் தன் தாயின் நிலத்தில் நின்றாள். பாயில் விழுந்து கிடந்தவளுக்குப் பக்கத்து வளவிலிருந்து கஞ்சி வந்தது. இது எமது பலம்.

ஆனால் போரும் கடலும் இந்த வரிசையைப் பல இடங்களில் உடைத்துவிட்டன. கடலோரத்திலிருந்து எழுப்பி வேறிடத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களில் தாய் ஓரிடத்திலும் மகள் இன்னோரிடத்திலும் இருக்கின்றார்கள். வெளிநாட்டுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போன மகளின் பிள்ளைகளை அம்மம்மா வளர்க்கின்றார். சிலருக்கு வேலிக்கு அந்தப்பக்கம் சொந்தம் என்று யாரும் இல்லை. அவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான் சொந்தமாக வேண்டும்.

தம்பதியாகத் தொண்டு செய்தவர்கள் தமிழரிலும் இல்லாமல் இல்லை. எமக்கு நேரே கடலுக்கு அப்பால் தஞ்சாவூர், நாகபட்டினம் பகுதியில் வாழ்ந்த கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் காந்திய வழியில் வந்தவர்கள். 1968 டிசம்பர் 25 இல் கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் எரித்துக் கொல்லப்பட்ட பின்னர், அந்த மக்களிடையே வேலை செய்வதற்காக அப்பகுதிக்கு வந்து தங்கினார்கள். நிலமற்றவர்களுக்கு நிலம் பெற்றுக் கொடுக்கும் லாப்டி என்ற அமைப்பை 1981 இல் அவர்கள் தொடங்கியபோது ஜெகந்நாதனுக்கு அறுபது வயதைத் தாண்டியிருந்தது, கிருஷ்ணம்மாளுக்கு 55. மற்றவர்கள் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் வயது. அவர்கள் வாங்கிக் கொடுத்த நிலங்கள் பெண்களின் பெயரில் எழுதப்பட்டன. 2008 இல் சரியான வாழ்வாதார விருது இருவருக்கும் சேர்த்தே கிடைத்தது. 2013 இல் ஜெகந்நாதன் இறந்த பின்னரும் கிருஷ்ணம்மாள் தன் வேலையை விடவில்லை. தம்பதியில் ஒருவர் போன பின்பும் மற்றவர் மிஞ்சிய வேலையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கணவன் இறந்ததும் பெண்ணை மூலையில் இருத்தும் சமூகத்தில் இதை நாம் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

இவை எல்லாவற்றையும் பெரியகல்லாற்றுத் தெருவொன்றில் வைத்துப் பார்ப்போம். புதிய கட்டடம் தேவையில்லை. பதாகை தேவையில்லை. ஓய்வுபெற்ற ஒரு தம்பதி, அல்லது துணையில்லாத இரண்டு பெண்கள், தங்கள் தெருவில் ஐந்து வீடுகளைப் பொறுப்பெடுக்கின்றார்கள். வாரத்தில் ஒரு நாள். அவர்கள் செய்யக்கூடியவை சாதாரணமானவை. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக் போகும் பெண்ணுடன் கூடப் போவது. 2023 இல் வந்த அஸ்வெசும உதவித் திட்டத்தின் படிவத்தை நிரப்பிக் கொடுப்பது. காணாமல் ஆக்கப்பட்டவர்கள் பற்றிய அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் அதை நிதானமாக வாசித்து, அதில் என்ன இருக்கின்றது, என்ன இல்லை என்று சொல்வது. நுண்கடன் நிறுவனத்தின் ஆள் வீட்டு வாசலில் வந்து சத்தம் போடும்போது, அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு உட்காருவது. சில வேளைகளில் சும்மா இருந்து கதை கேட்பது.

ஓய்வுபெற்ற ஒரு டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கடன்காரரின் குரல் இறங்குவதை நான் கண்டிருக்கின்றேன். கந்தோரில் "நாளைக்கு வாங்க" என்று சொல்பவர், கூட ஒருவர் நின்றால் "இரிங்க, பாப்பம்" என்கின்றார். இருவராகப் போவதன் அருமை இதுதான்.

சில எச்சரிக்கைகளும் அவசியம். உதவியைக் காட்டி மதம் மாற்றுகின்றார்கள் என்ற சந்தேகம் எமது நாட்டில் கடுமையானது. 2004 இல் மதமாற்றத்தைத் தடுக்கும் சட்டமூலம் ஒன்றுகூடப் பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. அது சட்டமாகவில்லை, சந்தேகமும் தீரவில்லை. கோயிலும் தேவாலயமும் அருகருகே உள்ள ஊரில், கிளினிக்குக்குக் கூட்டிப் போனதற்குக் கூலியாக எந்தச் சாமியின் பெயரையும் கேட்கக் கூடாது. கட்சியின் பெயரையும் கேட்கக் கூடாது. அடுத்தது, வீட்டுக்குள் கேட்ட கதை வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். சிறிய ஊரில் ஒரு பெண்ணின் கதை கிணற்றடிக்குப் போய்விட்டால் அவள் அதன்பின் கதவைத் திறக்கமாட்டாள். மூன்றாவது, வயோதிபரின் தொண்டு அரசாங்கத்தின் கடமைக்குப் பதிலாகாது. காணாமல் போனவருக்கு என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியது அரசு. பக்கத்து வீட்டு ஐயாவும் அம்மாவும் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது கூட நிற்கலாம், அவ்வளவுதான்.

இதை வாசிக்கும் உங்களில் சிலருக்கு, "எனக்கே ஆளில்லை, நான் யாருக்குப் போவது?" என்று தோன்றலாம். நியாயமான கேள்வி. ஆனால் நான் கண்டவரையில், போரில் கணவனை இழந்த பெண்ணுக்குப் படிவம் எங்கே கிடைக்கும் என்று முதலில் சொல்லிக் கொடுத்தவர் பெரும்பாலும் அவருக்கு முன்னமே கணவனை இழந்த இன்னொரு பெண்தான். பொலிஸ் நிலையத்துக்கும் முகாம் வாசலுக்கும் சேர்ந்து போனவர்களும் அப்படிப்பட்ட இரண்டு பெண்கள்தான். அதற்குத் தொண்டு என்று அப்போது யாரும் பெயர் வைக்கவில்லை. சிலை வைக்கவுமில்லை. மங்கல காரியத்தில் பின்னால் நிற்கச் சொல்லப்பட்ட அந்தப் பெண்கள்தான் இந்தக் கரையில் இருவர் இருவராகப் போகும் வழக்கத்தை முதலில் தொடங்கியவர்கள்.

இனிச் செய்யவேண்டியது, அந்த வேலையில் அவர்களைத் தனியே விடாமல் இருப்பது. ஓய்வூதியப் புத்தகத்துடன் பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் ஐயாவும் டீச்சரும் சில அடி தள்ளி நிற்கும் பெண்ணிடம் இப்படிக் கேட்கலாம்: "மகள், எங்க போறீங்க? நாங்களும் வரவா?"